ஓடுகிற ஜாவா சர்வீஸை எட்டிப் பார்க்க: முதல் எம்பீன் எழுதுவது எப்படி

"கியூவில் இப்போ எத்தனை மெசேஜ் நிக்குது?" என்று சப்போர்ட் ஆள் கேட்கிறார். புரொடக்ஷனில் ஓடும் ஜாவா சர்வீஸ், உங்கள் கையால் எழுதியது. ஆனாலும் பதில் தெரியவில்லை. லாகில் அந்த எண் இல்லை, டேட்டாபேஸிலும் இல்லை, கியூ முழுக்க மெமரியில் இருக்கிறது. சரி, ஒரு லாக் வரி சேர்த்துப் பார்ப்போம் என்று பில்டு போட்டு டெப்ளாய் செய்தால் ரீஸ்டார்ட்டில் கியூவே காலியாகிவிடும், அப்புறம் எதை எண்ணுவது.

இதற்கான வசதி ஜாவாவுக்குள்ளேயே இருக்கிறது. பெயர் ஜேஎம்எக்ஸ் (ஜாவா மேனேஜ்மென்ட் எக்ஸ்டென்ஷன்ஸ்). 2004-இல் வந்த ஜாவா 5 முதல் ஜேடிகே என்ற ஜாவா டெவலப்மென்ட் கிட்டோடு சேர்ந்தே வருகிறது, தனியாக எந்த லைப்ரரியும் வேண்டாம். அப்படியிருந்தும் பல பேர் இதை ஏதோ பழைய காலத்துச் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பழையதுதான், ஆனால் டாம்கேட், காஃப்கா, கசாண்ட்ரா போன்ற பெரிய சர்வர் மென்பொருள்கள் எல்லாமே தங்கள் உள்விவரங்களை இன்றும் இதன் வழியாகத்தான் வெளியே காட்டுகின்றன.

வயலில் மோட்டார் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். பம்ப்செட் அறைச் சுவரில் ஒரு ஸ்டார்ட்டர் பெட்டி இருக்கும். முகப்பில் வோல்ட் மீட்டர், ஆம்ப் மீட்டர், கீழே பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான். கரண்ட் எவ்வளவு வருகிறது என்று பார்க்க யாரும் மோட்டாரைப் பிரிப்பதில்லை. எம்பீன் என்பது உங்கள் ஆப்ஜெக்டுக்கு மாட்டும் அந்தப் பெட்டிதான். மீட்டர்கள் ஆட்ரிபியூட், பொத்தான்கள் ஆபரேஷன். பெட்டிகளை எல்லாம் வரிசையாக மாட்டி வைக்கிற சுவருக்கு எம்பீன் சர்வர் என்று பெயர், அது ஒவ்வொரு ஜேவிஎம்முக்குள்ளும் (ஜாவா புரோகிராமை ஓட்டும் எந்திரம்) ஏற்கெனவே இருக்கிறது.

தொடங்கும் முன் ஒரு விஷயம். கிளாஸ் பெயர், மெத்தட் பெயர், செட்டிங் எல்லாவற்றையும் இங்கே உச்சரிப்பிலேயே எழுதியிருக்கிறேன். எடிட்டரில் அடிக்கும்போது வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் இருப்பதைப் பாருங்கள்

கோடு எழுதும் முன் பத்து நிமிடம் ஒதுக்கி, எம்பீன்களைப் பார்க்க உதவும் ஜேகன்சோல் என்ற கருவியைத் திறந்து பாருங்கள். ஜேடிகேயில் 'பின்' என்ற பெயருள்ள ஃபோல்டருக்குள் இருக்கும். திறந்ததும் உங்கள் மெஷினில் ஓடும் ஜாவா புராசஸ்களின் பட்டியல் வரும், ஒன்றைத் தேர்ந்தெடுத்து கனெக்ட் கொடுங்கள். உங்கள் புராசஸ் பட்டியலில் இல்லையென்றால் அது வேறு யூசர் பெயரில் ஓடுகிறதா என்று பாருங்கள், அதே யூசராக ஜேகன்சோலைத் திறந்தால் தெரியும். புதியவர்கள் இதில்தான் அரை மணி நேரம் தொலைப்பார்கள்.

உள்ளே போனதும் கடைசியில் எம்பீன்ஸ் என்று ஒரு டேப். இடது பக்கம் மரம் மாதிரி விரியும். அதில் ஜாவா.லாங் என்பதைத் திறந்து மெமரி, அதற்குள் ஆட்ரிபியூட்ஸ், அதில் ஹீப்மெமரியூசேஜ் மீது டபுள் கிளிக் செய்யுங்கள். இனிட், யூஸ்டு, கமிட்டட், மேக்ஸ் என்று நான்கு எண்கள் தெரியும். அதே மெமரிக்குக் கீழே ஆபரேஷன்ஸ் என்று ஒன்று இருக்கிறது, அதில் ஜிசி என்று ஒரு பொத்தான். அழுத்தினால் அந்த ஜேவிஎம்மில் கார்பேஜ் கலெக்ஷன் நடக்கும், யூஸ்டு எண் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். உங்கள் லேப்டாப்பில் அழுத்துங்கள், புரொடக்ஷனில் வேண்டாம்.

கூடவே த்ரெடிங் என்பதையும் பார்த்து வையுங்கள். அதில் ஃபைண்ட்டெட்லாக்ட்த்ரெட்ஸ் என்று ஒரு ஆபரேஷன் இருக்கிறது. அப்ளிகேஷன் மூச்சுப் பேச்சில்லாமல் நிற்கும் நாளில் முதலில் கை போக வேண்டிய இடம் அது.

இனி நம்முடையது

உதாரணத்துக்கு எஸ்எம்எஸ் அனுப்பும் ஒரு சின்ன சர்வீஸ். உள்ளே ஒரு கியூ, அதிலிருந்து மெசேஜை எடுத்து அனுப்பும் சில வொர்க்கர் த்ரெட்கள். கிளாஸின் பெயர் மெசேஜ்கியூ.

ஒரு இன்டர்ஃபேஸ் எழுத வேண்டும். வெளியே எது தெரியலாம், எதை அழுத்தலாம் என்பதை முடிவு செய்வது இந்த இன்டர்ஃபேஸ் மட்டுமே. கிளாஸில் நூறு மெத்தட் இருந்தாலும் இதில் இல்லாதது வெளியே போகாது. பெயர் வைப்பதில் ஒரு கறாரான விதி உண்டு. சாதாரண எம்பீன் என்றால் கிளாஸ் பெயரோடு எம்பீன் என்ற சொல் ஒட்ட வேண்டும், அதாவது மெசேஜ்கியூ என்ற கிளாஸுக்கு மெசேஜ்கியூஎம்பீன். இரண்டும் ஒரே பேக்கேஜில் இருக்க வேண்டும், இன்டர்ஃபேஸ் பப்ளிக்காக இருக்க வேண்டும். எழுத்தின் பெரியது சிறியது மாறினாலும் ரெஜிஸ்டர் செய்யும்போது நாட்கம்ப்ளையன்ட்எம்பீன்எக்ஸெப்ஷன் முகத்தில் அடிக்கும்.

என் யோசனை, சாதாரண எம்பீனை விட்டுவிட்டு நேரே எம்எக்ஸ்பீனுக்குப் போய்விடுங்கள். இன்டர்ஃபேஸ் பெயர் எம்எக்ஸ்பீன் என்று முடிந்தால் போதும், அதை இம்ப்ளிமென்ட் செய்யும் கிளாஸின் பெயர் எதுவாகவும் இருக்கலாம். அதைவிடப் பெரிய லாபம் இன்னொன்று. சாதாரண எம்பீனில் நீங்கள் எழுதிய ஒரு கிளாஸின் ஆப்ஜெக்டைத் திருப்பி அனுப்பினால், அந்தக் கிளாஸ் எதிர்ப்பக்கத்தில் ஜேகன்சோலிடமும் இருக்க வேண்டும். இருக்காது. வேல்யூ வரவேண்டிய இடத்தில் சிவப்பில் அன்அவெய்லபிள் என்று வரும். எம்எக்ஸ்பீன் அந்த ஆப்ஜெக்டைப் பிரித்து, எல்லாருக்கும் தெரிந்த எளிய டைப்களாக மாற்றி அனுப்பும். மேலே பார்த்த ஹீப்மெமரியூசேஜ் நான்கு எண்களாக வந்ததும் இப்படித்தான்.

ஆக நம் இன்டர்ஃபேஸ் மெசேஜ்கியூஎம்எக்ஸ்பீன். அதில் நான் வைப்பது இவ்வளவுதான்:

கெட்பெண்டிங்கவுண்ட், இன்ட் திருப்பும்.
கெட்ஃபெயில்ட்டோட்டல், லாங் திருப்பும்.
கெட்வொர்க்கர்கவுண்ட், செட்வொர்க்கர்கவுண்ட் என்று ஒரு ஜோடி.
இஸ்பாஸ்ட் (நிறுத்தி வைத்திருக்கிறதா), பூலியன் திருப்பும்.
பாஸ் (நிறுத்தி வைப்பது), ரிசியூம் (மறுபடி ஓட்டுவது), ரீட்ரைஃபெயில்ட் (ஃபெயிலானதை மறுபடி அனுப்புவது) என்று மூன்று மெத்தட்.

இதில் எது ஆட்ரிபியூட், எது ஆபரேஷன் என்று நீங்கள் எங்கேயும் சொல்லவில்லை, பெயரை வைத்து ஜேஎம்எக்ஸே புரிந்துகொள்கிறது. கெட் (பூலியன் என்றால் இஸ்) என்று தொடங்கி, உள்ளே பாராமீட்டர் எதுவும் வாங்காமல், ஏதாவது ஒன்றைத் திருப்பினால் அது ஆட்ரிபியூட். இணையான செட் இருந்தால் வெளியிலிருந்து மாற்றக்கூடிய ஆட்ரிபியூட், ஜேகன்சோலில் அதன் வேல்யூ நீல நிறத்தில் தெரியும். மிச்சம் எல்லாம் ஆபரேஷன். நம் பட்டியலில் பெண்டிங்கவுண்ட், ஃபெயில்ட்டோட்டல், வொர்க்கர்கவுண்ட், பாஸ்ட் நான்கும் ஆட்ரிபியூட், கடைசி மூன்றும் பொத்தான்.

இந்த விதியில் இரண்டு குழிகள். இஸ் என்று தொடங்கும் மெத்தட் சின்ன எழுத்து பூலியனைத் திருப்ப வேண்டும். பெரிய எழுத்தில் தொடங்கும் ராப்பர் பூலியனைத் திருப்பினால் அது சத்தமில்லாமல் ஆபரேஷன் பட்டியலுக்குப் போய்விடும். எர்ரர் வராது, ஆட்ரிபியூட் எங்கே போனது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். செட்டரும் அப்படித்தான், எதையும் திருப்பாமல் வாய்ட் ஆக இருக்க வேண்டும். பில்டர் பழக்கத்தில் திஸ் என்று திருப்பிவிட்டால் அதுவும் ஒரு பொத்தானாகிவிடும்.

அடுத்தது ரெஜிஸ்டர் செய்வது, இரண்டே வரி. மேனேஜ்மென்ட்ஃபேக்டரியிடம் கெட்பிளாட்ஃபார்ம்எம்பீன்சர்வர் என்று கேட்டால் சர்வர் கைக்கு வரும். அதன் ரெஜிஸ்டர்எம்பீன் மெத்தடுக்கு உங்கள் ஆப்ஜெக்டையும் ஒரு ஆப்ஜெக்ட்நேமையும் கொடுக்க வேண்டும். அந்தப் பெயர்தான் சுவரில் பெட்டியின் முகவரி. முதலில் ஒரு டொமைன், அப்புறம் முக்காற்புள்ளி, அப்புறம் கமாவால் பிரித்த ஜோடிகள். உதாரணமாக, காம்.எக்ஸாம்பிள்.எஸ்எம்எஸ்:டைப்=மெசேஜ்கியூ,நேம்=ஓடிபி. டொமைனுக்கு உங்கள் பேக்கேஜ் பெயரையே வையுங்கள். டைப் என்ற கீயை எப்போதும் முதலில் எழுதுங்கள், ஒரே டைப்பில் பல ஆப்ஜெக்ட் இருந்தால் நேம் சேருங்கள். சமக்குறிக்கு முன்னும் பின்னும் அழகுக்காக ஸ்பேஸ் விடாதீர்கள், அந்த ஸ்பேஸும் பெயரின் பகுதியாகிவிடும். பெயருக்குள் கமாவோ முக்காற்புள்ளியோ வரும் என்றால் ஆப்ஜெக்ட்நேமின் கோட் (மேற்கோள்குறி இடும்) மெத்தடில் போட்டு எடுங்கள்.

பெயரை அவசரத்தில் வைக்காதீர்கள் என்பேன். ஆறு மாதம் கழித்து டாஷ்போர்டும் அலர்ட்டும் இந்தப் பெயரைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும், அன்றைக்கு மாற்றினால் எல்லாம் மௌனமாகிவிடும்.

அப்ளிகேஷன் சர்வரில் ஓடுகிறதென்றால், நிற்கும்போது அன்ரெஜிஸ்டர்எம்பீன் கூப்பிட மறக்க வேண்டாம். மறந்தால் மறுபடி டெப்ளாய் செய்யும்போது இன்ஸ்டன்ஸ்ஆல்ரெடிஎக்ஸிஸ்ட்ஸ்எக்ஸெப்ஷன் வரும். அது வந்தாலாவது தெரிந்துவிடும். எம்பீன் சர்வர் பழைய ஆப்ஜெக்டைப் பிடித்துக்கொண்டே இருப்பதால் பழைய கிளாஸ்லோடரும் மெமரியை விட்டுப் போகாது, நாலு டெப்ளாய்க்குப் பிறகு மெமரி தீர்ந்து நிற்கும்போதுதான் அது தெரியவரும்.

ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்த வேலை இன்னும் குறைவு. கிளாஸ் மீது மேனேஜ்ட்ரிசோர்ஸ், கெட்டர் மீது மேனேஜ்ட்ஆட்ரிபியூட், மெத்தட் மீது மேனேஜ்ட்ஆபரேஷன் என்று அனோட்டேஷன் போட்டால் போதும், இன்டர்ஃபேஸ் கூட வேண்டாம். ஆனால் ஸ்பிரிங் பூட் 2.2 முதல் ஜேஎம்எக்ஸ் இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. ஸ்பிரிங்.ஜேஎம்எக்ஸ்.எனேபிள்ட் என்பதை ட்ரூ ஆக்கினால்தான் உங்கள் பீன் மரத்தில் தெரியும்.

கெட்டருக்குள் என்ன இருக்கலாம்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே நானே சூடு பட்டிருக்கிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஃபெயிலான மெசேஜ்களின் எண்ணிக்கையைக் காட்ட ஒரு கெட்டர் எழுதினேன். உள்ளே டேபிளில் ஒரு கவுண்ட் குவெரி. ஜேகன்சோலில் கிளிக் செய்தால் அரை விநாடியில் எண் வந்தது, நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன். பிறகு மானிட்டரிங் ஏஜென்ட் வந்தது. அது எல்லா எம்பீனின் எல்லா ஆட்ரிபியூட்டையும் 15 விநாடிக்கு ஒரு முறை படிக்கும், அதில் என்னுடையதும் ஒன்று. ஆறு இன்ஸ்டன்ஸ், நிமிடத்துக்கு 24 குவெரி. டேபிள் வளர வளர அரை விநாடி எட்டு விநாடியானது. டேட்டாபேஸ் ஏன் திணறுகிறது என்று இரண்டு நாள் எல்லாரும் தேடினார்கள், நானும் கூடவே தேடினேன். மானிட்டரிங்கே காரணமாக இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

கெட்டரை எப்போது, எத்தனை முறை, யார் கூப்பிடுவார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. அதனால் மெமரியில் தயாராக இருக்கும் ஒரு எண்ணை எடுத்துக் கொடுப்பதைத் தவிர வேறு எதுவும் அதில் இருக்கக் கூடாது. டேட்டாபேஸ், நெட்வொர்க், மற்ற த்ரெட்களைக் காக்க வைக்கும் பெரிய லாக் (பூட்டு), எதுவும் கூடாது. கணக்குப் போட்டே ஆகவேண்டும் என்றால் பின்னணியில் ஒரு த்ரெட் நிமிடத்துக்கு ஒரு முறை கணக்குப் போட்டு ஒரு ஃபீல்டில் வைக்கட்டும், கெட்டர் அந்த ஃபீல்டை மட்டும் படிக்கட்டும்.

அந்த ஃபீல்டை வாலடைல் என்று குறியுங்கள், கவுண்டர் என்றால் அட்டாமிக்லாங் அல்லது லாங்ஆடர் வையுங்கள். வெளியிலிருந்து வரும் அழைப்பு உங்கள் வொர்க்கர் த்ரெடில் ஓடுவதில்லை, வேறொரு த்ரெடில் ஓடுகிறது. சாதாரண இன்ட் ஃபீல்டாக இருந்தால் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்க வாய்ப்புண்டு.

ஃபெயில்ட்டோட்டல் என்று பெயர் வைத்ததற்கும் காரணம் இருக்கிறது. "கடைசி நிமிடத்தில் ஃபெயிலானவை" என்று கொடுக்கத்தான் முதலில் கை துறுதுறுக்கும். அப்படிக் கொடுத்தால், படிக்க வருகிறவர் ஒரு முறை தவறவிட்டால் அந்த நிமிடத்துக் கணக்கு போனது போனதுதான். தொடக்கத்திலிருந்து ஏறிக்கொண்டே போகும் மொத்தத்தைக் கொடுங்கள். வீட்டு கரண்ட் மீட்டர் மாதிரி. கணக்கெடுக்க வருகிறவர் ஒரு மாதம் வராவிட்டாலும் அடுத்த முறை கழித்துப் பார்த்தால் கணக்கு சரியாக வரும்.

பொத்தான் வைக்கும்போது இரவு இரண்டு மணியை நினையுங்கள்

ஆட்ரிபியூட் தப்பானால் தப்பான எண் தெரியும், அவ்வளவுதான். ஆபரேஷன் தப்பானால் எண்பதாயிரம் பேருக்கு ஒரே எஸ்எம்எஸ் இரண்டு தடவை போகும். அதை அழுத்தப் போகிறவர் கோடு எழுதிய நீங்கள் இல்லை, தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட ஒருவர் என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

ரீட்ரைஃபெயில்டை எடுத்துக்கொள்வோம். எத்தனை மெசேஜை மறுபடி அனுப்புவது என்று ஒரு இன்ட் வாங்குகிறது. ஜேகன்சோலில் இந்த பாராமீட்டருக்கு நீங்கள் வைத்த பெயர் தெரியாது, பி0, பி1 மாதிரி ஏதோ ஒன்றுதான் தெரியும். அதன் பெட்டியில் முதலிலேயே 0 என்று நிரப்பியிருக்கும். இப்போது உங்கள் கோடில் 0 என்றால் "எல்லாம்" என்று பொருள் வைத்திருந்தால்? எதையும் அடிக்காமல் சும்மா பொத்தானை அழுத்திப் பார்க்கிறவர் எல்லா மெசேஜையும் கிளப்பிவிடுவார். எனவே 0 வந்தால் எதுவும் செய்யாதீர்கள், அதிகபட்சம் 500 என்று ஒரு வரம்பும் வையுங்கள். மெத்தட் பெயரையே ரீட்ரைஃபெயில்ட்அப்டு என்று மாற்றினால் அந்தப் பெட்டியில் எதை அடிப்பது என்று பெயரே சொல்லிவிடும். ஸ்பிரிங்கில் பாராமீட்டருக்குப் பெயரும் விளக்கமும் கொடுக்கத் தனி அனோட்டேஷன் உண்டு, கொடுத்துவிடுங்கள்.

வாய்ட் திருப்பாமல் ஒரு ஸ்ட்ரிங் திருப்புங்கள். "120 மெசேஜ் மறுபடி கியூவில் சேர்ந்தது, 3 காலாவதியானதால் விடப்பட்டது" என்று வந்தால் அழுத்தினவருக்கு நிம்மதி. வாய்ட் என்றால் வேலை முடிந்தது என்று மட்டும் ஒரு சின்ன ஜன்னல் வரும், வேலை நடந்ததா என்ற சந்தேகத்தில் இன்னொரு முறை அழுத்துவார். இரண்டு முறை அழுத்தினாலும் குடி முழுகிப் போகாதபடி எழுதுவதும் உங்கள் பொறுப்பு. பாஸ் செய்ததை மறுபடி பாஸ் செய்தால் "ஏற்கெனவே நின்றுதான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போகட்டும்.

யார் எப்போது என்ன அழுத்தினார்கள் என்பதை ஆபரேஷனின் முதல் வரியிலேயே லாகில் எழுதுங்கள். செட்டருக்கும் இதே கதைதான். செட்வொர்க்கர்கவுண்டில் யாராவது 5 என்பதற்குப் பதில் 5000 அடித்தால் இல்லீகல்ஆர்க்யுமென்ட்எக்ஸெப்ஷன் வீசுங்கள். இன்னொன்று, இப்படி மாற்றியது ரீஸ்டார்ட் ஆனதும் போய்விடும், கான்ஃபிக் ஃபைலில் இருப்பதுதான் திரும்ப வரும். இதை டீமில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள், இல்லையென்றால் "நேத்து மாத்தினேனே" என்ற பஞ்சாயத்து நிச்சயம்.

இந்த விஷயத்தில் பார்த்துக் கற்றுக்கொள்ள எனக்குப் பிடித்தது ஹிகாரிசிபி கனெக்ஷன் பூல், டேட்டாபேஸ் கனெக்ஷன்களைத் திறந்து வைத்துத் திரும்பத் திரும்பத் தரும் லைப்ரரி. ரெஜிஸ்டர்எம்பீன்ஸ் என்ற செட்டிங்கை ட்ரூ ஆக்கினால் பூலுக்கான எம்பீனில் ஆக்டிவ், ஐடில், மொத்தம், கனெக்ஷனுக்காகக் காத்திருக்கும் த்ரெட்கள் என்று நான்கே நான்கு எண்களும், சாஃப்ட்எவிக்ட்கனெக்ஷன்ஸ் மாதிரி விரல் விட்டு எண்ணக்கூடிய பொத்தான்களும் வரும். அந்த சாஃப்ட்எவிக்ட், பயன்பாட்டில் இருக்கும் கனெக்ஷனைப் பாதியில் அறுக்காது, வேலை முடிந்து திரும்பி வந்ததும்தான் மூடும்.

வேறு மெஷினிலிருந்து பார்க்க

லேப்டாப்பில் எல்லாம் ஓடும், சர்வரில் கனெக்ட் ஆகாது. எல்லாருக்கும் நடப்பதுதான். காம்.சன்.மேனேஜ்மென்ட்.ஜேஎம்எக்ஸ்ரிமோட்.போர்ட் என்று 9010 கொடுத்து, ஃபயர்வாலிலும் 9010-ஐத் திறந்துவிட்டு, இன்னும் ஏன் வரவில்லை என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வார்கள். ஜேஎம்எக்ஸ் தூரத்து மெஷினோடு பேசப் பயன்படுத்தும் ஆர்எம்ஐ இரண்டு போர்ட் கேட்கும் என்பதுதான் விஷயம். நீங்கள் கொடுத்தது முதல் அறிமுகத்துக்கு மட்டும். உண்மையான பேச்சு நடக்கும் இரண்டாவது போர்ட்டை ஒவ்வொரு முறையும் ஜேவிஎம் தன்னிஷ்டத்துக்குப் பிடித்துக்கொள்ளும். ஜேஎம்எக்ஸ்ரிமோட்.ஆர்எம்ஐ.போர்ட் என்ற செட்டிங்குக்கும் அதே 9010 கொடுத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். அப்படியும் வரவில்லையென்றால் ஜாவா.ஆர்எம்ஐ.சர்வர்.ஹோஸ்ட்நேம் என்பதைப் பாருங்கள். "இனி இந்த முகவரியில் என்னிடம் பேசு" என்று ஜேவிஎம் சொல்லி அனுப்பும் முகவரி அது. டாக்கருக்குள் ஓடினால் வெளியிலிருந்து எட்டவே முடியாத உள்முகவரியைச் சொல்லி அனுப்பிவிடும். இதை 127.0.0.1 என்று வைத்து, எஸ்எஸ்எச் டனல் அல்லது குபர்நெட்டிஸின் கியூப்சிடிஎல் போர்ட்ஃபார்வர்ட் மூலம் இரண்டு பக்கமும் அதே 9010-ஐ இணைத்தால் சிக்கல் தீர்ந்தது.

எடுத்துக்காட்டுகளில் எல்லாம் ஆதென்டிகேட் ஃபால்ஸ், எஸ்எஸ்எல் ஃபால்ஸ் என்று இருக்கும். டனலுக்குப் பின்னால், வெளியே தெரியாத போர்ட்டில் என்றால் சமாளிக்கலாம். திறந்த போர்ட்டில் அப்படி வைத்தால் உங்கள் மெஷினையே தூக்கிக் கொடுத்த மாதிரி. நீங்கள் வைத்த மூன்று பொத்தான்கள்தானே, அழுத்தினால் அழுத்தட்டும் என்று நினைக்கக் கூடாது. பாஸ்வேர்ட் இல்லாத ஜேஎம்எக்ஸ் வழியாக வெளியாள் தன் சொந்தக் கோடையே உங்கள் ஜேவிஎம்முக்குள் ஓட்டும் வழிகள் தாக்குகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். பாஸ்வேர்ட் ஃபைல் வையுங்கள், கூடவே ஆக்சஸ் ஃபைலில் பார்க்க மட்டும் வருகிறவருக்கு ரீட்ஒன்லி, அழுத்த வேண்டியவருக்கு ரீட்ரைட் என்று பிரியுங்கள். பாஸ்வேர்ட் ஃபைலை அதன் உரிமையாளர் மட்டுமே படிக்க முடிய வேண்டும், 600 பெர்மிஷன். மற்றவர்களும் படிக்கும்படி இருந்தால் ஜேவிஎம் கிளம்பவே கிளம்பாது.

எண்களை டாஷ்போர்டில் பார்ப்பது மட்டும்தான் தேவை என்றால் இந்த ரிமோட் போர்ட் எதுவுமே வேண்டாம். எண்களைச் சேகரிக்கும் மானிட்டரிங் கருவியான புரோமிதியஸின் ஜேஎம்எக்ஸ் எக்ஸ்போர்ட்டரை ஜாவாஏஜென்டாக மாட்டினால் அது ஜேவிஎம்முக்குள்ளேயே இருந்து ஆட்ரிபியூட்களைப் படித்து ஹெச்டிடிபியில் கொடுக்கும். ஆபரேஷனை அதன் வழியாக யாரும் அழுத்த முடியாது என்பது எனக்குப் பிடித்த குணம். ஒன்றே ஒன்று, இன்க்ளூட்ஆப்ஜெக்ட்நேம்ஸ் என்ற இடத்தில் தேவையான எம்பீன்களை மட்டும் எழுதுங்கள். எழுதாவிட்டால் கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கும், என் கவுண்ட் குவெரியைப் படித்த மாதிரி.

பொத்தான்களையும் ஹெச்டிடிபியிலேயே அழுத்த வேண்டும் என்றால் ஜோலோக்கியா இருக்கிறது, ஜேஎம்எக்ஸை ஜேசானாக மாற்றித் தரும். அசாம் பக்கத்து பூத் ஜோலோக்கியா மிளகாயின் பெயர்தான் அது, காரமும் அதே அளவு. எழுதவும் அழுத்தவும் விடுவதால், எந்த எம்பீனில் எது மட்டும் நடக்கலாம் என்று அதன் பாலிசி ஃபைலில் எழுதாமல் வெளியே விட வேண்டாம்.

முதல் நாளே முப்பது ஆட்ரிபியூட் எழுதாதீர்கள். பெண்டிங்கவுண்டும் பாஸும் மட்டும் வைத்து ஒரு டெப்ளாய் போடுங்கள். அடுத்த முறை சப்போர்ட்டிலிருந்து போன் வரும்போது அவர் கேட்பதும் ஜேகன்சோலில் இல்லாததும் எது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது ஆட்ரிபியூட் அதுதான்.